வேதத்தை எங்கிருந்து, எப்படி வாசிக்கத் தொடங்குவது?

திடப்படுத்தல் எடுத்து முதல் நற்கருணை வாங்கிய பிள்ளைகளும், நடுவயதில் ஆண்டவரை அறிந்து சபைக்கு வரத் தொடங்கியவர்களும் இங்கே சேலத்தில் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "தினமும் பைபிள் வாசிங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படி வாசிக்கறது, வாசிச்சா என்ன ஆகும்னு யாரும் சொல்றதில்லையே?" நியாயமான கேள்விதான். வேதம் வாசியுங்கள், ஜெபம் பண்ணுங்கள் என்று பிரசங்கத்தின் கடைசியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறக்கிறவர் முன்னால் 66 ஆகமங்கள் இருக்கின்றன. கத்தோலிக்கர் என்றால் 73. எதைத் திறப்பது?

அதற்கு முன் விசுவாசம் எப்படி வளர்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். விசுவாசம் என்றால் நம்பிக்கை. ஒருவரை நம்ப வேண்டுமானால் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்குப் பெண் கேட்டு வருகிற குடும்பத்தைப் பற்றி நான்கு பேரிடம் விசாரிக்காமல் நாம் சம்மதம் சொல்வதில்லை. ஆனால் ஆண்டவரை மட்டும், அவர் யாரிடம் எப்படிப் பேசினார், எதற்குக் கோபப்பட்டார், யார் வீட்டில் சாப்பிட்டார் என்று எதுவும் தெரியாமலே நம்பிவிட முயற்சி செய்கிறோம். கஷ்டம் வருகிறபோது அந்த நம்பிக்கை ஆட்டம் காண்பதில் ஆச்சரியமில்லை. "விசுவாசம் கேள்வியினாலே வரும், கேள்வி தேவனுடைய வசனத்தினாலே வரும்" என்று பவுல் ரோமருக்கு எழுதினார். இங்கே கேள்வி என்றால் காதால் கேட்பது. தினசரி வேதவாசிப்பின் வேலை இதுதான்: இயேசுவை நெருங்கித் தெரிந்துகொள்வது. எத்தனை அதிகாரம் முடித்தோம் என்பது இரண்டாம்பட்சம்.

நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடமும் அந்த எண்ணிக்கைதான். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, புது வருட உற்சாகத்தோடு, ஒரே வருடத்தில் முழு வேதாகமத்தையும் முடித்துவிட வேண்டும் என்று தீர்மானம் எடுப்போம். மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஒரு நாளைக்கு மூன்றேகால் அதிகாரம் வருகிறது. ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஆபிரகாமும் யோசேப்பும் மோசேயும் இருக்கிற வரை வாசிப்பு ஓடும். யாத்திராகமம் 25-ஆம் அதிகாரத்திலிருந்து இஸ்ரவேலர் ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் தொடங்கும். ஜனவரி முடிவதற்குள் லேவியராகமம் வந்துவிடும். பலிகளின் ஒழுங்கு, தீட்டு, குஷ்டம் பற்றிய சட்டங்கள். புதிதாக வாசிக்கிறவர் அங்கே நின்றுவிடுவார். இரண்டு நாள் தவறும், ஆறு அதிகாரம் பாக்கி விழும், அப்புறம் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். "எனக்கெல்லாம் வேதம் புரியாது" என்ற எண்ணம் மட்டும் மிஞ்சும். லேவியராகமம் பயனில்லாத புத்தகம் என்று நான் சொல்லவில்லை. எபிரெயர் நிருபத்தோடு சேர்த்து வாசித்தால் அது அருமையான புத்தகம். ஆரம்பிக்கிறவருக்கு அது வாசல் இல்லை, அவ்வளவுதான்.

வாசல் என்று கேட்டால் நான் மாற்கு சுவிசேஷத்தைத்தான் சொல்வேன். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்கிற நான்கு சுவிசேஷங்களில் சிறியது, 16 அதிகாரங்கள்தான். ஒரு நாளைக்கு அரை அதிகாரம் வாசித்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். நீண்ட உரைகள் குறைவு, சம்பவங்கள் அதிகம். சின்னச் சின்ன விவரங்களை மாற்கு விடுவதே இல்லை. புயலில் படகு தத்தளிக்கும்போது இயேசு பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார் என்கிறார். யவீருவின் மகளை உயிரோடு எழுப்பிய பிறகு அவர் செய்த அடுத்த காரியம், பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கச் சொன்னது. காது கேளாதவனைத் தனியே அழைத்துப்போய்க் குணமாக்குகிறபோது பெருமூச்சு விட்டார். இந்த மாதிரி இடங்களில்தான் ஒருவரை நமக்குத் தெரிய ஆரம்பிக்கிறது.

எந்த வேதாகமம் என்று கேட்பார்கள். கையில் இருப்பது போதும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீடுகளில் பெரும்பாலும் பழைய திருப்புதல் என்ற மொழிபெயர்ப்பு இருக்கும். அதன் தமிழ் கடினமாகத் தெரிந்தால், 1995-இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மனப்பாடத்துக்கு ஒன்று, புரிந்துகொள்ள ஒன்று என்று இருந்தால் நல்லதுதான்.

சரி, அரை அதிகாரம் வாசிப்பது எப்படி? ஒரு பகுதியை எடுத்துக் காட்டினால்தான் விளங்கும். மாற்கு 10-ஆம் அதிகாரம், 46 முதல் 52 வரை. ஏழே வசனங்கள். எரிகோவை விட்டு இயேசு புறப்படுகிறார், கூடவே பெரிய கூட்டம். வழியோரத்தில் பர்திமேயு என்ற குருடன் உட்கார்ந்து பிச்சை கேட்டுக்கொண்டிருக்கிறான். "தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்" என்று கத்துகிறான். பேசாமல் இரு என்று பலர் அதட்டுகிறார்கள். அவன் இன்னும் அதிகமாகக் கத்துகிறான். இயேசு நிற்கிறார், கூப்பிடச் சொல்கிறார். அதட்டியவர்கள் நின்ற அதே இடத்திலிருந்து இப்போது வேறு பேச்சு வருகிறது: "திடன்கொள், எழுந்திரு, உன்னை அழைக்கிறார்." அவன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்து வருகிறான். உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று இயேசு கேட்கிறார். பார்வை வேண்டும் என்கிறான். பார்வை கிடைக்கிறது. அவன் இயேசுவுக்குப் பின்னே வழியில் நடந்து போகிறான்.

முதல் தடவை வாசிக்கும்போது ஒரு அற்புதம் நடந்தது என்று மட்டும் தெரியும். உடனே மூடிவிடாதீர்கள். இன்னொரு தடவை, முடிந்தால் வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் இதே பகுதியை வாசித்தபோது ஒரு பையன் கேட்டான்: "பெரியம்மா, அவன் ஏன் துணியைத் தூக்கிப் போட்டான்?" தறிக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த அந்தப் பெரியம்மா சொன்னார்: "பிச்சைக்காரனுக்கு துணின்னு அது ஒண்ணுதானே, சாமி? ராத்திரி குளிருக்கும் அதுதான். கண்ணு தெரியாதவன் கூட்டத்துல விட்டா திரும்ப எடுக்க முடியுமா? இனி அங்க வந்து உட்கார மாட்டோம்னு நம்பித்தான் எறிஞ்சிருக்கான்." துணியை எறிகிறபோது அவனுக்கு இன்னும் பார்வை வரவில்லை என்பதைக் கவனியுங்கள். விசுவாசம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், நான் இப்போதெல்லாம் அந்த மேல்வஸ்திரத்தைத்தான் சொல்கிறேன்.

இன்னும் இருக்கிறது. அதே அதிகாரத்தில் பத்து வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். யாக்கோபும் யோவானும் வந்து, நாங்கள் கேட்பதை நீர் செய்ய வேண்டும் என்கிறார்கள். அவர்களிடமும் இயேசு இதே கேள்வியைத்தான் கேட்கிறார்: நான் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்? அவர்கள் கேட்டது வலதுபக்கத்தில் ஒரு ஆசனம், இடதுபக்கத்தில் ஒரு ஆசனம். கூடவே நடந்த சீஷர்கள் பதவி கேட்டார்கள். வழியோரத்துக் குருடன் பார்வை கேட்டான். மாற்கு இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். இதைக் கண்டுபிடிக்க வேதாகமக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. அவசரப்படாமல் மேலும் கீழும் நான்கு வசனம் சேர்த்து வாசித்தாலே போதும்.

இந்த இடத்துக்கு வந்ததும் அந்தக் கேள்வி நம் பக்கம் திரும்பிவிடும். என்னிடம் அவர் கேட்டால் நான் எதைக் கேட்பேன்? அதற்கு உள்ளபடி பதில் சொல்வதுதான் ஜெபம். தனியாக ஜெப வார்த்தைகளைத் தேட வேண்டாம், வாசித்த பகுதியே எடுத்துக் கொடுத்துவிடும். 12-ஆம் நூற்றாண்டில் கீகோ என்ற துறவி இதை ஒரு ஏணியின் நான்கு படிகளாக எழுதி வைத்தார்: வாசிப்பது, தியானிப்பது, ஜெபிப்பது, கடைசியில் பேச்சை நிறுத்தி அவரோடு சும்மா இருப்பது. கத்தோலிக்கத் தியான இல்லங்களில் இன்றும் இந்த முறையைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நாம் எந்தச் சபையாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வருடப் பிறப்பு ஆராதனையில் தட்டில் வருகிற, ஒரு வசனம் அச்சிட்ட அட்டையை எடுத்து, பிரிட்ஜ் மேலேயோ மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயோ வைப்பது நம் வீடுகளில் வழக்கம். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் வருடம் முழுவதும் அந்த ஒரு வசனத்தோடு நின்றுவிடுகிறவர்கள் நிறைய. எரேமியா 29:11 அடிக்கடி வருகிற வசனம்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." ஆறுதலான வசனம், சந்தேகமில்லை. அந்த அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அது எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம். சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்று சில தீர்க்கதரிசிகள் அவர்களுக்கு ஆசை காட்டிக்கொண்டிருந்தார்கள். எரேமியாவோ, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கல்யாணம் செய்து பிள்ளை பெறுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். பத்தாம் வசனத்தில் 70 வருடம் என்று கணக்கும் சொல்லிவிடுகிறார். அதற்கு அடுத்த வசனம்தான் நம் அட்டையில் இருப்பது. வேலை கிடைக்காத பிள்ளையோ, குழந்தைக்காகக் காத்திருக்கிற தம்பதியோ அட்டையை மட்டும் வாசித்தால், ஜூன் மாதத்திலேயே மனம் விட்டுப்போகும். அதிகாரத்தோடு வாசித்தவருக்கு, காத்திருக்கிற காலத்திலும் தேவன் வேலை செய்கிறார் என்பது தெரியும். ஆகவே அட்டையை வாங்கியதும் முதல் வேலையாக அந்த அதிகாரத்தை முழுசாக வாசித்துவிடுங்கள்.

சுவிசேஷத்துக்குப் பக்கத்திலேயே, வேதத்தில் உள்ள ஜெபப் பாட்டுகளான சங்கீதத்தையும் வைத்துக்கொள்வது நல்லது. சுவிசேஷத்தில் ஆண்டவர் நம்மிடம் பேசுவதைக் கேட்கிறோம். சங்கீதம் நாம் அவரிடம் பேசக் கற்றுக்கொடுக்கிறது. 150 இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். 120 முதல் 134 வரை உள்ள பதினைந்தில் ஆரம்பிக்கலாம். ஆரோகண சங்கீதம் என்று தலைப்பில் போட்டிருக்கும். எருசலேம் மலைமேல் இருக்கிறது. பண்டிகைக்கு ஏறிப் போகிற யூதர்கள் வழியில் பாடிய பாட்டுகள் இவை என்று சொல்வார்கள். 132-ஐத் தவிர எல்லாமே ஒன்பது வசனத்துக்குள் முடிந்துவிடும். நமக்கு இவை ரொம்பப் பொருத்தம். சேலத்தில் எந்த மொட்டைமாடியில் நின்றாலும் ஏதாவது ஒரு மலை கண்ணில் படும். வடக்கே சேர்வராயன், இந்தப் பக்கம் கஞ்சமலை, அந்தப் பக்கம் ஜருகுமலை. "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்ற 121-ஆம் சங்கீதம் நம் பாட்டிமார்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அதை இரண்டாம் வசனத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்: வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து ஒத்தாசை வரும். மலையைப் பார்த்த கண் மலையைப் படைத்தவரிடம் போய் நிற்கிறது.

துதிக்கிற சங்கீதங்கள் மட்டும்தான் ஜெபம் என்று நினைத்துவிடாதீர்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13-ஆம் சங்கீதம் நேராகவே கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது. மற்ற புலம்பல்களில் பெரும்பாலும் கடைசியில் வருகிற நம்பிக்கை வரிகூட அதில் கிடையாது. ஆஸ்பத்திரி வராண்டாவில் ஸ்கேன் முடிவுக்காக உட்கார்ந்திருக்கிறவருக்கு ஸ்தோத்திரம் சொல்ல வாய் வராது. அப்போது 88-ஐ வாசிக்கலாம். அப்படிப்பட்ட ஜெபத்தையும் வேதம் தனக்குள் இடம் கொடுத்து வைத்திருக்கிறது என்பதே பெரிய ஆறுதல். மாற்கு 9-இல் வருகிற தகப்பனை நினைத்துப் பாருங்கள். "விசுவாசிக்கிறேன், ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுதான். பாதி நம்பிக்கையோடு வந்த அவனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார்.

எப்போது வாசிப்பது? அதிகாலை நல்ல நேரம். இயேசுவும் இருட்டோடே எழுந்து ஜெபிக்கப் போனார் என்று மாற்கு முதல் அதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் நாலு மணிக்கு எழுந்தால்தான் ஆவிக்குரியவர் என்று ஒரு பேச்சு நம்மிடம் உண்டு. அதை நான் ஏற்பதில்லை. இரும்பாலையில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவருக்கும், கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்க்கும், எஸ்டேட்டில் காலையிலேயே பேர் கொடுக்க ஓடுகிற அக்காவுக்கும் அது சுமையாகிவிடும். உங்களால் தவறாமல் கொடுக்க முடிகிற பதினைந்து நிமிடம் எது என்று பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகா, பிள்ளைகள் தூங்கின பிறகா, எதுவானாலும் சரி. நேரமும் இடமும் மாறாமல் இருந்தால் பழக்கம் நிற்கும். போனில் வாசிக்கிறவர்கள் அந்த நேரத்துக்கு மட்டும் இணையத்தை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் வசனத்தில் வாட்ஸ்அப் கூப்பிட்டுவிடும்.

காதால் கேட்பதையும் குறைவாக நினைக்க வேண்டாம். தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது 1714-15-இல். அதற்குப் பிறகும் ரொம்ப காலம், வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்டுத்தான் நம் முன்னோர்களில் அநேகர் வேதத்தை அறிந்தார்கள். இன்றைக்குத் தமிழ் ஆடியோ வேதாகமம் போனில் இலவசமாகவே கிடைக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு போனால் தலைசுற்றி வாந்தி வரும். ஒரு அதிகாரத்தைப் போட்டுக் காதில் மாட்டிக்கொண்டு, அதையே திரும்ப ஒரு தடவை கேட்டால் அன்றைய வாசிப்பு முடிந்தது.

மூன்று வாரம் நன்றாகப் போகும். அப்புறம் ஒரு வறட்சி வரும், இது எல்லாருக்கும் வருவதுதான். வாசித்தாலும் ஒன்றும் தோன்றாது, மனம் எங்கோ ஓடும். ஏற்காட்டுக்காரர்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரியும். மார்ச், ஏப்ரல் வாக்கில் ஒரு மழை விழுந்ததும் காப்பிச் செடி வெள்ளையாகப் பூத்து எஸ்டேட்டே மணக்கும். சில நாளில் பூ உதிர்ந்துவிடும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பச்சைக் காய்தான், பார்க்க ஒரு மாற்றமும் தெரியாது. பழம் பறிக்க நவம்பர், டிசம்பர் ஆகும். மாற்கு 4-இல் இயேசு சொன்ன உவமை ஒன்று மற்ற சுவிசேஷங்களில் இல்லை. ஒருவன் விதைத்துவிட்டு இரவில் தூங்கிப் பகலில் எழுந்திருக்கிறான். அவனுக்குத் தெரியாத விதமாய் விதை முளைத்து வளர்கிறது. நாம் செய்ய வேண்டியது நாளைக்கும் புத்தகத்தைத் திறப்பதுதான். ஒரு வாரம் விட்டுப்போனாலும் பாக்கியைக் கணக்குப் பார்த்துத் துரத்த வேண்டாம், இன்றைய பகுதியிலிருந்து தொடருங்கள். ஒரு பழைய டைரியில் தினமும் ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்துத் திருப்பிப் பார்த்தால், நாம் கேட்கிற கேள்விகளே மாறியிருப்பது தெரியும்.

புரியாத இடங்கள் வரத்தான் செய்யும். யோசுவாவின் யுத்தங்களும் 137-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனமும் எந்த விசுவாசியையும் நிறுத்தி யோசிக்க வைக்கும். கேட்டால் விசுவாசக் குறைவு என்று நினைப்பார்களோ என்று பயந்து பேசாமல் இருந்துவிடாதீர்கள். அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறான். வாசிப்பது புரிகிறதா என்று பிலிப்பு கேட்டதும், ஒருவர் சொல்லித் தராவிட்டால் எப்படித் தெரியும் என்று சொல்லி, அவரை ரதத்தில் ஏற்றிக்கொள்கிறான். பெரிய பதவியில் இருந்தவன், கேட்க வெட்கப்படவில்லை. டைரியில் கேள்வியைக் குறித்து வைத்து உங்கள் ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ கேளுங்கள். சில கேள்விகளுக்கு அவரும் யோசித்துச் சொல்கிறேன் என்பார்; அதுவும் நல்லதுதான். தெருவில் வீட்டு ஜெபக்கூட்டமோ, கத்தோலிக்கரின் சிறு குழுவான அன்பியமோ இருந்தால் போய் உட்காருங்கள். தனியாக வாசிக்கிறவர் தனக்குப் பிடித்த வசனங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். நாலு பேர் கூடி வாசிக்கும்போது, நாம் தாண்டிப்போன வசனத்தை ஒருவர் பிடித்துக்கொள்வார்.

மாற்கு முடிந்ததும் அடுத்து என்ன என்று கேட்டால், லூக்காவும் அதைத் தொடர்ந்து அப்போஸ்தலர் நடபடிகளும். இரண்டும் ஒரே ஆசிரியர் எழுதியவை, ஒரு கதையின் தொடர்ச்சிதான். அதன் பிறகு ஆதியாகமத்துக்குப் போகலாம். இயேசுவைத் தெரிந்த கண்ணோடு ஆபிரகாமை வாசிப்பது வேறு அனுபவம். புதிய ஏற்பாடு முழுவதுக்கும் 260 அதிகாரங்கள்தான். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்று போனால் சரியாக ஒரு வருடம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வாரத்தில் மனதில் நின்ற பகுதியைத் திரும்ப வாசிக்க வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே தொடங்க நினைப்பவர்கள் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். மாற்கு முதல் அதிகாரத்தின் முதல் இருபது வசனங்களை இன்று ராத்திரி தூங்குவதற்கு முன்பே வாசித்துவிடலாம்.